மொட்டை மாடியில் மானி

இதைப் படித்துவிட்டு "கதை நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். இது கதை இல்லை. எனக்கு நடந்தது. இதில் வரும் மணிகளும் எண்களும் ஒரு நாற்பது பக்க நோட்டில் என் கையெழுத்தில் இருக்கின்றன. கடைசிப் பக்கம் மட்டும் கோணல்மாணலாக இருக்கும். அதை எழுதும்போது கை என் பேச்சைக் கேட்கவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கால் மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை வலிக்கும். அதனால் கண்ணில் பட்டதைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. குறைத்துச் சொல்லும் பழக்கமும் கிடையாது. என் பொறாமையைப் பற்றியும் குறைக்காமல்தான் சொல்லப்போகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது நாற்பத்தொன்றாவது வயதில். அவளுக்கு முப்பத்தெட்டு. அவளுக்கு இது இரண்டாவது. முதல் கணவன் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. "வேலை பாக்கும்போது கரண்ட் அடிச்சிடுச்சு" என்று மட்டும் சொன்னாள். எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை. அவனைப் பற்றி அவள் வாய் திறந்து பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை.

அவள் சலவைக்கூடம் நடத்துகிறாள். கீழ்த்தளத்தில் இரண்டு பெரிய மிஷின், ஒரு நீளமான இஸ்திரி மேஜை. இரண்டு லாட்ஜுகளுக்கும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கும் படுக்கை விரிப்புகள் அவளிடமிருந்துதான் போகும். மேல்தளத்தில் இரண்டு அறையும் சமையலறையும். அதற்கும் மேலே மொட்டை மாடி. சமையலறைப் பின்வாசலைத் திறந்தால் மாடிப்படி. பத்தொன்பது படி. மேலே எந்நேரமும் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருக்கும்.

அந்த மாடியின் மூலையில்தான் அது நின்றது.

ஆளுயர இரும்புக் குழாய். அதன் தலையில் காற்றில் சுற்றும் மூன்று குட்டிக் கிண்ணங்கள். பக்கத்தில், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முனையைத் திருப்பிக் காட்டும் ஒரு தகரமுள். கொஞ்சம் கீழே மழை அளக்கும் வாளி. அதற்குள் தராசுத் தட்டு மாதிரி ஒன்று இருக்கும். தண்ணீர் நிறைந்ததும் 'டக்' என்று சாயும். ஒரு 'டக்' என்றால் 0.2 மில்லிமீட்டர் மழை. இவ்வளவுக்கும் உயிர் கொடுப்பது உள்ளங்கை அகல சோலார் தகடு ஒன்று. பகலில் அது பேட்டரியை நிரப்பும். இரவில் பேட்டரி ஓட்டும். அளந்ததெல்லாம் ஒயர் இல்லாமலே கீழே வந்து, சமையலறைச் சுவரில் மாட்டிய திரையில் எண்களாகத் தெரியும். மழை தொடங்கினால் அந்தத் திரை 'கீ... கீ... கீ...' என்று கத்தும். அவள் மாவுக் கையோடு மாடிக்கு ஓடி விரிப்புகளை எடுத்துவிடுவாள்.

அவளுக்காக அவன் தன் கையாலேயே செய்தது.

அவன் வயரிங் வேலைக்காரன். எதையும் அளக்காமல் விடமாட்டானாம். தெருவில் அவனுக்கு 'மானி' என்று பெயர். வெப்பமானி, மழைமானி என்கிறோமே, அந்த மானி. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். வாய்க்கு வாய் 'ரைட்' என்பார், அதனால் தெருவுக்கே அவர் 'ரைட்'. நான் குடிவந்த முதல் நாளே என்னை நிறுத்தி, "மானி மாதிரி ஒரு ஆளு இனிமே பொறக்கணும் தம்பி, ரைட்டா?" என்றார். போனவன் கண் எப்போதும் தாமரைக் கண்தான். இருக்கிறவன் கண்ணில்தான் பீளை தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே அவனுடைய படத்தை அவளாக எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள். நான் கேட்கவே இல்லை. ஆனால் சமையலறைத் திரையை அவள் எடுக்கவில்லை.

காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தத் திரையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல காத்து திரும்புமாம்" என்பாள். "நாளைக்கு மழை இல்லையாம்" என்பாள். அந்த 'ஆம்' இருக்கிறதே... அது என் காதில் ஊசி மாதிரி இறங்கும். யார் சொன்னது? யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்கிறவர்கள்தானே 'ஆம்' போடுவார்கள்?

ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஆம்னா? யார் சொன்னா?"

அவள் சிரித்தாள். "வேற யாரு. அதுதான்."

சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை. சுவரைப் பார்த்து.

வயிறு எரிந்தது. செத்துப்போனவனிடம் போய்ப் பொறாமைப்படுகிறாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பிரயோசனமில்லை. உயிரோடு இருக்கிறவனிடம் சண்டை போடலாம். இவனிடம் என்ன செய்வது?

கல்யாணமான எட்டாவது மாதம் அது பழுதானது.

அதாவது, பகலில் ஒழுங்காக ஓடும். இருட்டியதும் திரையில் எண்கள் மறைந்து வெறும் கோடுகள் வந்துவிடும். காலையில் வெயில் ஏறியதும் மறுபடி எண்கள். அவள் முகம் வாடிவிட்டது. "என்னங்க, அத கொஞ்சம் பாருங்களேன். நீங்க பாத்தா சரியாயிடும்" என்றாள்.

'நீங்க பாத்தா' என்ற அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

கடைத்தெருவில் ஒரு ரேடியோக்காரர் இருக்கிறார். ரேடியோ யாரும் கொண்டுவருவதில்லை. இப்போது இன்வெர்ட்டர், சோலார் விளக்கு எல்லாம் பார்க்கிறார். பெயர் மட்டும் மாறவில்லை. அவரிடம் சொன்னேன்.

"முதல்ல தகட்டைத் தொடைங்க தம்பி. நாலு வருஷத் தூசு இருக்கும். எதாவது நிழல் விழுதான்னு பாருங்க. ஒயர் முனையில பச்சை பூத்திருந்தா சுரண்டுங்க. அப்பறம் எத்தனை மணிக்கு அணையுதுன்னு தெனமும் குறிச்சுக்குங்க. நேரம் கொறஞ்சுக்கிட்டே வந்தா பேட்டரிதான். மேல் பெட்டிய மட்டும் தொறக்காதீங்க. ரப்பர் வெச்சு மூடியிருப்பாங்க. ஈரம் பூந்துடும்."

சொன்னபடி செய்தேன். தகட்டைத் துடைத்தால் என் லென்ஸ் துணி கரியானது. மழை வாளிக்குள் எறும்புப் புற்று. கிண்ணங்களின் அச்சில் தலைமுடி சுற்றியிருந்தது. நீள முடி. அவளுடையதாகத்தான் இருக்கும். தினமும் இங்கே வந்து நிற்கிறாள் போல.

அப்போதுதான் நோட்டுப் போட்டேன். திங்கள், 7:42. செவ்வாய், 7:35. புதன், 7:21. வியாழன், 7:04. நேரம் குறைந்துகொண்டே வந்தது. பேட்டரிதான். ரேடியோக்காரர் புது பேட்டரி கொடுத்தார். மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது.

நான் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அவள் கீழே மிஷின் அருகில் இருந்தாள். நான் மாடிக்குப் போனேன். மேல் பெட்டிக்குக் கீழே தனியாக இருந்த சிறு அறையிலிருந்து பழைய பேட்டரியைக் கழற்றினேன். புதியதையும் பழையதையும் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சோலார் தகட்டின் மேல் கருப்பு டேப்பை ஒட்டினேன். ஒரு சுற்று போதும். நான் மூன்று சுற்று ஒட்டினேன்.

கீழே இறங்கி வந்து பார்த்தேன். திரையில் கோடுகள்.

"என்ன செஞ்சும் சரியாகல" என்றேன் அவளிடம். "அதோட ஆயுசு அவ்வளவுதான். புதுசா ஒண்ணு வாங்கித் தரேன்."

"வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான்.

அன்று நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி ஒரு நிம்மதி.

சனிக்கிழமை 4:20க்குத் திடீர் மழை. யாரும் கத்தவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் முப்பத்திரண்டும் தொப்பலாக நனைந்தன. அவள் மறுபடி அலசிப் போட்டாள். அவள் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனாலும் அந்த பேட்டரியைத் திருப்பிப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம். போய்ப் பாத்துட்டு காலைல முதல் பஸ்ஸுக்கு வந்துடறேன். மேல துணி இருக்கு. முடிஞ்சா எடுத்து வைங்க."

5:30க்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கீழ்க்கதவைப் பூட்டினேன். சாவி என் பையில். வீட்டில் நான் மட்டும்தான்.

6:18. சூரியன் இறங்கியது.

6:52. சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

'கீ...'

ஒரே ஒரு சத்தம். திரும்பினேன். திரையில் கோடுகள் இல்லை. எண்கள் இருந்தன.

வெப்பம் 24.1. ஈரம் 78. மழை 0. காற்று 11.

எங்கேயோ மிச்ச சக்தி இருந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பேட்டரியும் இருந்தன.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அப்போது பயம் இல்லை. கோபம்தான் இருந்தது. கிளம்பும் முன் அவளே பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டாளோ என்றுகூட ஓடியது புத்தி.

பேட்டரி அறையைத் திறந்தேன். காலி. டேப் அப்படியே இருந்தது. மூன்று சுற்றும்.

தலையைத் தூக்கினேன். மூன்று கிண்ணங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. விர்ர்ர் என்று.

காற்று அடித்தால் சுற்றத்தான் செய்யும். ஆனால் என் பின்னால் நான்கு கயிறு நிறைய விரிப்புகள் தொங்கின. ஒன்றுகூட அசையவில்லை. சுவர் மாதிரி நின்றன. பால் காய்ச்சும்போது சட்டைப்பையில் போட்டிருந்த தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியைக் கிழித்துப் பார்த்தேன். சுடர் நேராக நின்றது.

காற்றே இல்லை.

கிண்ணங்கள் மட்டும் சுற்றின.

தகரமுள் என்னைக் காட்டிக்கொண்டிருந்தது. சரி, தற்செயல். நான் இடது பக்கம் நான்கு எட்டு வைத்தேன். 'கிரீச்'. முள் திரும்பியது. வலது பக்கம் போனேன். 'கிரீச்'. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கேயும் முனை என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் வந்தது பயம் இல்லை. எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது வாய் வழியாக வந்துவிட்டது.

"செத்தும் விடமாட்டியா?" என்று கத்தினேன். "அவ இப்ப என் பொண்டாட்டி! தெரியுமா?"

கிண்ணங்கள் நின்றன. டக்கென்று. யாரோ விரலை வைத்துத் தடுத்தது போல.

ஒரு கொடிக்கயிறு மட்டும் மெதுவாகத் தாழ்ந்தது. யாரோ அதன் மேல் கையை ஊன்றியது போல.

நான் இறங்கி ஓடினேன். பத்தொன்பது படியையும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. பின்வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. கேஸை மூடினேன். மணி 7:09.

திரையைப் பார்த்தேன்.

திரையில் காற்றுத் திசைக்கு ஒரு வட்டம் உண்டு. அதற்குள் ஒரு கருப்பு அம்பு. அம்பு இடது பக்கம் காட்டியது. நான் நின்றதும் திரைக்கு இடது பக்கம்தான்.

வலது பக்கம் நகர்ந்தேன்.

அம்பும் நகர்ந்தது.

நோட்டை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. பழக்கம். 7:11, காற்று 0 என்று எழுதினேன். அதை எழுதும்போது வெப்பத்தின் எண் மாறியது. 24.1 என்று இருந்தது... 27... 31... 34... 36.9.

அங்கேயே நின்றுவிட்டது.

36.9. அது வானிலை இல்லை. அது உடம்புச் சூடு. மாடியில் வெப்பம் அளக்கும் முனையை யாரோ உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருந்தால்தான் அப்படி வரும்.

7:14.

'கீ...'

மழை 0.2.

ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மழை இல்லை. வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது.

'கீ...' மழை 0.4.

அதோடு கூடவே இன்னொரு சத்தம். வெளியே. மாடிப்படியில்.

டக்.

'கீ...' 0.6.

டக்.

'கீ...' 0.8.

டக்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு எண். அவசரமே இல்லாமல். வேலை முடிந்து வீட்டுக்கு இறங்கி வருகிறவன் நடை.

1.6... 1.8... 2.0...

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்பு என்னை விடவில்லை.

3.0... 3.2...

சுட்ட ஒயர் வாடை வந்தது.

3.4.

3.6.

3.8.

நின்றது.

0.2 வீதம் 3.8. கணக்குப் போடத் தேவையில்லை. பத்தொன்பது.

கதவு அசையவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை.

அம்பு மட்டும் என்னை விட்டுத் திரும்பியது. வாசலைக் காட்டியது.

பிறகு...

கொஞ்சம் கொஞ்சமாக... நடக்கிற வேகத்தில்...

வாசலிலிருந்து அடுப்பு...

அடுப்பிலிருந்து மேஜை...

மேஜையிலிருந்து...

என் பக்கம்.

பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது.

"போட்டுடறேன்" என்றேன். உதடுதான் அசைந்தது. "பேட்டரியப் போட்டுடறேன்... போட்டுடறேன்..."

மூச்சு விலகியது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. நகர முடிந்தபோது மணி 8:02. மறுபடி மாடிக்குப் போவதைவிடச் செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் அந்த வீட்டில் நிற்கவும் பயமாக இருந்தது.

போனேன்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன். டேப்பை உரித்தேன். மூன்று சுற்றும் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகம் பெயர்ந்தது. புது பேட்டரியைப் போட்டு மூடினேன். தகட்டைச் சட்டை முனையால் துடைத்தேன். அவ்வளவு நேரமும் என் தோளுக்குப் பின்னால் ஒருவன் நின்று நான் வேலை செய்வதைப் பார்த்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தொழில்காரனுக்குத் தெரியும், இன்னொரு தொழில்காரன் தன் கையைப் பார்க்கிறான் என்பது.

8:31. என் கையில் ஒரு துளி விழுந்தது. இது நிஜ மழை. விரிப்புகளைப் பற்றி நினைக்கவே இல்லை. இறங்கினேன். இன்னும் இறங்கினேன். கீழ்க்கதவைப் பூட்டிவிட்டுத் தெருவைத் தாண்டி ரைட்டின் வீட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன தம்பி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார்.

விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மழை இரண்டு மணி நேரம் கொட்டியது.

காலை 6:40க்கு அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சேர்ந்துதான் கதவைத் திறந்தோம். சாவி என்னிடம்தான் இருந்தது.

இஸ்திரி மேஜையின் மேல், மாடியில் விட்டுவந்த விரிப்புகள் அடுக்கப்பட்டிருந்தன.

மடித்து. ஓரத்தோடு ஓரம் சேர்த்து. ஒன்றின் மேல் ஒன்றாக. நான் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தன. ஒரு துளி ஈரம் இல்லை.

அவள் மேலே இருந்த விரிப்பின் மடிப்பை விரலால் தடவினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை எனக்கு அவள் ஒருநாளும் தந்ததில்லை.

"நீங்களா மடிச்சீங்க?"

நடந்ததையெல்லாம் சொல்ல வாய் எடுத்தேன். அந்தச் சிரிப்பு தடுத்துவிட்டது. அதை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேலே சமையலறையில் திரை 'கீ' என்று ஒரு தடவை கத்தியது. மழை இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அது பழுதாகவே இல்லை. இருட்டிய பிறகும் எண்கள் நின்றன. நான் மாடிப்பக்கம் போவதை விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை எல்லாம் என் மனப்பிராந்தியோ என்றுகூட நினைக்க ஆரம்பித்தேன். பொறாமை பிடித்தவன் கண்ணுக்கு எதுதான் தெரியாது?

மூன்று மாதம் கழித்து மாடியில் தகரக் கூரை போட்டோம். இனி மழைக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. கூரைக்கு இடைஞ்சலாக இருந்ததால் அந்தக் குழாயைப் பெயர்த்து வேறு மூலையில் நட வேண்டும். ரேடியோக்காரரைக் கூப்பிட்டேன். பட்டப்பகல். 11:15. அவள் பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் குழாயைச் சாய்த்துவைத்தார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, மேல் பெட்டியையும் ஒரு தடவ பாத்துடறேன்" என்று நான்கு திருகாணிகளைக் கழற்றினார். வருடக்கணக்காகத் திறக்காத மூடி. நெம்பித்தான் எடுத்தார்.

எடுத்தவர் மூடியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"தம்பி, இங்க வாங்க."

எட்டிப் பார்த்தேன். உள்ளே கரி. அளந்ததைக் கீழே அனுப்புகிற பலகை இருக்க வேண்டிய இடத்தில் கருகிய ஒரு துண்டு. ஒயர்கள் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. அதன் மேல் சிலந்தி கூடு கட்டி, அந்தக் கூடும் காய்ந்து பொடியாகியிருந்தது.

"இடி விழுந்திருக்கு" என்றார். "இன்னைக்கு நேத்து இல்ல. நாலஞ்சு வருஷம் இருக்கும். இதுலேர்ந்து ஒரு எண்ணு கூட வெளிய போயிருக்க முடியாது. இதுக்கா என்கிட்ட பேட்டரி வாங்கினீங்க?"

"கீழ திரையில தெனமும் வருதே..." என்றேன்.

"எங்கேர்ந்து வருது?" என்றார் அவர்.

அவர் சாமான்களைப் பையில் போட்டார். டீ வந்துகொண்டிருக்கிறது என்றேன். வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அவர் போன அன்னைக்கே எரிஞ்சு போச்சுங்க. மழை வரதுக்குள்ள முடிச்சுடறேன்னு இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். இடி விழுந்து குழாய் வழியா அவருக்கும் கரண்ட் பாஞ்சுடுச்சு. அவர் கையைக் குழாய்லேர்ந்து பிரிச்சு எடுத்ததே நான்தான்."

அவன் நின்ற அதே இடத்தில்தான் நானும் நின்றிருந்தேன். இரண்டு எட்டு தள்ளி நின்றேன்.

ஏறக்குறைய ஐந்து வருடம். ஒரு நாள் தவறாமல். நான் கெடுத்த அந்தச் சனிக்கிழமை தவிர, அவள் துணி நனையாமல். அந்த நேரத்தில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். பேட்டரியைச் சட்டைப்பைக்குள் ஒளித்தவன் நான். என்னால் அவனோடு எப்படிப் போட்டி போட முடியும்?

"எரிஞ்சது தெரிஞ்சும் என்னை எதுக்கு ரிப்பேர் பண்ணச் சொன்ன?"

அவள் ஒரு விரிப்பை உதறினாள். இரண்டு முனைகளை அவள் வைத்துக்கொண்டு மற்ற இரண்டை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க வந்ததுலேர்ந்து அவர் சரியில்ல. அப்பறம் ராத்திரியானா பேசறதையும் நிறுத்திட்டார். உங்களை நேர்ல ஒரு தடவ பாத்துட்டா சரியாயிடுவார்னு தோணுச்சு."

என் கை முனைகளைப் பிடித்துக்கொண்டது. நடுவில் விரிப்பு விறைத்து நின்றது.

"அன்னைக்கு எங்க அக்காவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லங்க" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டும்னுதான் நான் போனேன்."